எண்ணெயில் தூவும் சர்க்கரை

ஜூன் 14, சனி

நாலு நாளாகத் துரோன்காரம்மாவைக் காணோம். தினமும் மூன்று மணிக்குத் தெருமுனையில் குரல் கேட்கும். ‘துரோ...ன்’ என்று இழுத்து, இழுப்பு முடிவதற்குள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிருப்பார். தலையில் பிலாவ், அதாவது நம் முறத்தை வட்டமாக முடைந்ததுபோல ஒரு மூங்கில் தட்டு. அதில் வாழையிலை விரித்து, துரோனையும், குச்சியில் கோத்துப் பொரித்த பானானா க்யூவையும் வரிசையாக வைத்திருப்பார். இப்போது மழை. மக்கீலிங் மலையின் தலை காலையிலிருந்து மேகத்துக்குள் கிடக்கிறது. பிலிப்பைன்ஸில் நாங்கள் இருக்கும் இந்த லாஸ் பான்யோஸ் தெருக்களில் ஓடும் தண்ணீரில் பிலாவைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்?

மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராச்சாப்பாட்டுக்கும் நடுவில் வாய்க்கு ஏதாவது போடுவதற்கு இங்கே மெர்யெந்தா என்று பெயர். ஸ்பானியர்கள் விட்டுப்போன சொல். துரோன் என்ற பெயரும் அவர்களுடையதே. அவர்கள் ஊரில் அது தேனும் பாதாமும் சேர்ந்த மிட்டாய். இங்கே பாதாமும் கிடையாது, தேனும் கிடையாது. பழுத்த வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து, சர்க்கரையில் புரட்டி, ஒரு கீற்றுப் பலாச்சுளையோடு மெல்லிய லும்பியா மாவுத்தாளில் பாய் மாதிரி சுருட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். மேலே கண்ணாடி போலச் சர்க்கரைப் பூச்சு. கடித்தால் முதலில் அது நொறுங்கும், பிறகு தாள், அதற்குப் பிறகுதான் சூடான பழம். இந்த வரிசை தப்பினால் அது துரோன் இல்லை.

நாளைக்கு வீட்டிலேயே செய்வதாக இவரிடம் சொல்லிவிட்டேன். இருபது வருஷமாக வாழைக்காய் பஜ்ஜி போடுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஜூன் 15, ஞாயிறு

ஒரு வேலைதான்.

சந்தையில் பழக்கடைக்காரியிடம் நாலு வகை வாழை தொங்கியது. விரல் நீளத்தில் சென்யோரித்தா, நல்ல மஞ்சளில் லாகத்தான், வெளிர்மஞ்சளில் லாத்துந்தான், ஓரத்தில் பட்டை பட்டையாகக் குட்டையாக ஒன்று. லாத்துந்தானை ஒன்று உரித்துத் தின்றேன். அதே மெல்லிய தோல், வெண்ணெய் நிறச் சதை, லேசான புளிப்பு. ரஸ்தாளி! முசிறியில் அம்மா வீட்டுக் கூடத்தில் தார் தொங்குகிற வாசனை. வேறு எதையும் பார்க்காமல் இரண்டு சீப்பு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஒரு தகவல் சொன்னார். லாத்துந்தான் ரஸ்தாளி ஜாதியேதானாம். லெத்தோந்தால் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தியாவிலிருந்து கொண்டுவந்ததாகவும், அவர் பெயர்தான் வாயில் உருண்டு லாத்துந்தான் ஆனதாகவும் சொல்வார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்மூர்ப் பழத்தில் இவர்கள் ஊர்ப் பலகாரம் என்று சொல்லிக்கொண்டே பிளந்து சுருட்டினேன்.

எண்ணெயில் போட்ட அரை நிமிஷத்தில் முதல் சுருள் உப்பியது. பிறகு ‘டப்’. சாறு கசிந்து எண்ணெய் மேலே தெறிக்க, நான் சாதம் வடிக்கும் தட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு சுருளில் நாலு வாய் பிளந்தது. மிச்சம் இரண்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பழம் இல்லை, கூழ். கழுத்தில் ஒரு கொப்புளம்.

ஜூன் 18, புதன்

பக்கத்து வீட்டு ஆத்தே கொப்புளத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

இந்த ‘ஆத்தே’ பற்றி எழுதியே ஆக வேண்டும். இங்கே பேசும் டகாலோக் மொழியில் அக்காவை ஆத்தே என்பார்கள். வந்த புதிதில் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்கும்போதெல்லாம் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறி ஜன்னலுக்கு ஓடுவேன். நம்ம பக்கத்தில் ‘ஆத்தே!’ என்றால் பாம்பைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் விலைவாசியை. அதைவிட மோசம், இங்கே மரியாதைக்குப் பேச்சின் வாலில் சேர்க்கும் சொல் ‘போ’. ‘சலாமத் போ’ என்றால் ‘ரொம்ப நன்றிங்க’. முதல் வாரம் கடைக்காரி சில்லறையைக் கையில் கொடுத்து அப்படிச் சொன்னபோது, துரத்துகிறாள் என்று முகம் சுண்டி வந்தேன்.

“லாத்துந்தானா போட்டாய்?” என்று ஆத்தே சிரித்த சிரிப்பில் அவர் வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. “அது உரித்துத் தின்கிற பழம், இனெங். துரோனுக்குச் சாபாதான்.” இனெங் என்றால் நம்ம ‘பொண்ணே’ மாதிரி. எனக்கு நாற்பத்தாறு வயது.

சாபா என்பது அந்த ஓரத்துப் பட்டை வாழை. பார்ப்பதற்கு மொந்தனின் ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். பழுத்தாலும் மாவுச்சத்து போகாது. எண்ணெயில் வேகும்போது கூழாகாமல் சதை கட்டிக்கொண்டு நிற்கும். தோல் மஞ்சளாகி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்தபிறகு வாங்க வேண்டும். பச்சையாக இருந்தால் சப்பென்றிருக்கும், முழுக்கக் கறுத்துவிட்டால் எனக்கு ஆனதுதான் ஆகும். தாவோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலேறி ஜப்பானுக்குப் போவது கேவண்டிஷ். இந்த நாட்டு அடுப்பில் வேகிறது சாபா. அதன் பூவையும் சமைக்கிறார்கள். வாழைப்பூவுக்கு இவர்கள் வைத்த பெயர் ‘பூசோ’, அதாவது இதயம். நாம் மடல் மடலாகப் பிரித்துக் கள்ளன் எடுத்து உட்காரும் வேலையை நினைத்தால், இதயம் என்பது பொருத்தம்தான்.

ஜூன் 21, சனி

சாபா வாங்கினேன். லும்பியா தாள் ஐஸ் பெட்டியில் கிடைக்கிறது. எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து ஈரத்துணி போட்டு மூடி வைக்காவிட்டால் அப்பளமாகிவிடும். லும்பியாவும் ஆத்தேவும் இந்த ஊருக்கு வந்த வழி ஒன்றுதான்: சீனத்திலிருந்து வந்த ஹொக்கியன்காரர்கள் கொடுத்த சொற்கள். பலாச்சுளைக்கு இங்கே லங்கா. அம்மாவிடம் போனில் “பழத்தோட லங்காவையும் வச்சுச் சுருட்டணும்மா” என்றேன். “அனுமாருக்கு வாலால கொளுத்தத்தான் தெரிஞ்சுது, நீ சுருட்டவே கிளம்பிட்டியா?” என்றாள்.

சுருள் வெடிக்கவில்லை. பொன்னிறமாக எடுத்தேன். இதுவரை நான் சரி. பூச்சுக்கு வந்தபோதுதான் கை தன் பழக்கத்துக்குப் போனது. சர்க்கரையில் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கம்பிப் பதம் பார்த்து, சுருள்களை அதில் முக்கி எடுத்தேன். அதிரசமோ கடலை உருண்டையோ, பாகு என்றால் தண்ணீர்தானே முதலில்? பத்தே நிமிஷத்தில் தாள் நமுத்து, மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி தொங்கியது. அதைக் கெட்டிப்படுத்துகிறேன் என்று பாகை இன்னும் முற்றவிட்டேன். அடுத்த நாலும் கமர்கட்டாகிவிட்டன. இவர் கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொண்டே, “டேஸ்ட் நல்லாருக்கு” என்றார்.

ஜூன் 25, புதன்

ஆத்தே பொறுமையிழந்து தன் சமையலறைக்கே கூட்டிக்கொண்டு போனார். “தண்ணீரா? எதற்குத் தண்ணீர்?”

இதை விவரமாக எழுதி வைத்தால்தான் எனக்கு மறக்காது. அகலமான வாணலி, அதில் மூன்று விரல் ஆழத்துக்குத் தேங்காயெண்ணெய். (தேங்காயெண்ணெயில் பொரிப்பது நமக்குக் கேரளத்து ஞாபகம். இங்கே இதுதான் வீட்டு எண்ணெய்.) சாபாவை இரண்டாகப் பிளந்து, பழுப்புச் சர்க்கரையில் புரட்டி, தாளின் ஒரு மூலைக்குச் சற்று மேலே குறுக்கே வைக்கிறார். மேலே ஒரு கீற்று லங்கா. மூலையை மடித்து, இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளி, காற்றுப் புகாமல் இறுக்கிச் சுருட்டி, கடைசி மூலையில் தண்ணீர் தொட்டு ஒட்டுகிறார். அந்தச் சொட்டுத் தண்ணீரோடு தண்ணீர் விவகாரம் முடிந்தது.

எண்ணெய் காய்ந்ததும் சுருள்களை இறக்கினார். அவை மிதந்து, ஓரம் லேசாகச் சிவக்க ஆரம்பித்த நேரத்தில், பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி சர்க்கரையை அள்ளி நேராக எண்ணெயில் தூவினார். நான் “ஐயோ” என்றேன், தமிழில்.

சர்க்கரை கரையவில்லை. எண்ணெயில் சர்க்கரை கரையாது. அது மணலாக அடியில் இறங்கி, ஒரு நொடி அங்கேயே கிடந்து, பிறகு உருகித் திரிதிரியாகக் கிளம்பியது. தேன்கலரில் மெல்லிய நூல்கள், ஒட்டிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று அலைவதுபோல. ஆத்தே கரண்டியால் சுருள்களை உருட்டி உருட்டி அந்த நூல்களுக்குள் கொண்டுபோனார். தாளில் பட்ட இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் பூசியதும் திருப்பி, மறு பக்கம். நிறம் தேனிலிருந்து புதுச் செங்கல்லுக்குப் போனது. வாசனை மாறியது, இனிப்புக்கு அடியில் துளியூண்டு கசப்பு மூக்கில் ஏறியதுமே, “இப்போது” என்று சொல்லி எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். அடுத்த பத்து நொடி தாமதித்திருந்தால் கருகல்.

எத்தனை பிடி, எத்தனை நிமிஷம் என்று கேட்டேன். “தான்ச்சா” என்றார். கண்ணளவுக்கு இவர்கள் சொல். அம்மாவிடம் ரசத்துக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் வரும் அதே பதில்.

இன்னொரு பாடமும் கிடைத்தது. எடுத்ததும் வடிகட்ட நான் அனிச்சையாகக் காகிதத்தை விரித்தேன். ஆத்தே அதைப் பிடுங்கிப் போட்டார். வடையும் பஜ்ஜியும் காகிதத்தில் எண்ணெயை விடும். இது காகிதத்தையே பிடித்துக்கொள்ளும், உரிக்க முடியாது. ஒன்றின் மேல் ஒன்று படாமல் கம்பித் தட்டில் பரப்ப வேண்டும். ஆறும்போது சிடுசிடு என்று நுண்ணிய சத்தம் கேட்டது, பூச்சு இறுகுகிற சத்தம்.

ராத்திரி இவரிடம் இதைச் சொல்ல, சர்க்கரை நிறம் மாறவே 160 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும், தண்ணீர் இருக்கும்வரை பாகு அந்த இடத்துக்குப் போகவே போகாது, எண்ணெய் அந்தச் சூட்டில்தான் ஏற்கெனவே நிற்கிறது என்றார். நான் செய்தது, மொறுமொறு தாளுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தது. இவர் நெல் ஆராய்ச்சிக்காரர். இவர் வேலை பார்க்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊரில் 1960இல் தொடங்கியது, எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தவர். அத்தனை பெரிய இடத்தில் இருந்துகொண்டு இதை எனக்குப் போன சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 27, வெள்ளி

பிரௌன்அவுட். மின்வெட்டுக்கு இந்த ஊர் வார்த்தை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆத்தே வீட்டில் அரட்டை. மணிலா பக்கம் மலபோனில் போய் துரோன் கேட்டால் பாசிப்பயற்றுப் பூரணம் வைத்த சுருளைக் கொடுப்பார்களாம். வாழைப்பழம் வைத்ததற்கு அங்கே வலென்சியா என்று பெயர். பாசிப்பயற்றுப் பூரணம் என்றதும் எனக்குச் சுழியன் கண்ணில் வந்துபோனது.

மேஜையில் சிவப்பு கெட்சப் பாட்டில் இருந்தது. தக்காளி என்று நினைத்துத்தான் இத்தனை நாள் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வாழைப்பழமாம்! பக்கத்து மாகாணம் பத்தாங்காஸில், தால் ஊரில் பிறந்த மரியா ஓரோசா என்ற உணவு வேதியியலாளர் செய்து காட்டிய பண்டம். அமெரிக்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பி, வெளிநாட்டுத் தக்காளிக்குக் காத்திருக்காமல் உள்ளூர்ச் சாபாவை எடுத்துக்கொண்டார். 1945 பிப்ரவரியில் மணிலாச் சண்டையில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். ஆத்தே இதைச் சொல்லும்போது ஊர் அத்தையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் சொன்னார்.

ஜூலை 1, செவ்வாய்

தனியாகச் செய்தேன். எட்டு சுருள். தண்ணீர் பக்கம் கை போகவில்லை. ஆனால் சர்க்கரையைத் தூவும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று வெடித்தது, ஒன்றின் அடிப்பக்கம் கருகியது. மிச்சம் ஆறும் கம்பித் தட்டில் சிடுசிடுத்தன. நூல் வரும்வரை காத்திருப்பதுதான் கஷ்டம். அந்த ஒரு நொடி, சர்க்கரை அடியில் சும்மா கிடக்கும்போது, கரண்டியால் கிளறத் துடிக்கிறது கை.

ஆத்தேவுக்கு மூன்று கொண்டுபோனேன். கடித்தார். நொறுங்கியது, எனக்கே கேட்டது. மென்றுகொண்டே நெற்றியைச் சுருக்கினார்.

“உள்ளே என்ன போட்டாய்?”

“ஏலக்காய். கொஞ்சம்தான்.”

“தைல வாசனை அடிக்கிறது” என்றார். இரண்டாவதை எடுத்துக்கொண்டார். “பூச்சு இன்னும் ஒரு திருப்புத் திருப்பியிருக்கலாம்.” மூன்றாவதைப் பேரனுக்கு என்று மூடி வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மூன்றே கால். முனையில் அந்தக் குரல் கேட்டது, பாதி இழுப்போடு. ஓடிப்போய் இரண்டு வாங்கினேன், பக்கத்தில் வைத்துப் பார்க்க. அவருடைய பூச்சு ஒரே சீராக, எங்கும் திட்டில்லாமல் இருக்கிறது. எத்தனை வருஷத் தான்ச்சாவோ.

வாணலியில் பாகு பாறையாக ஒட்டிக் கிடக்கிறது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்திருக்கிறேன். காலையில்தான் தேய்க்க வேண்டும்.