அடிச்சீட்டு

மேஜிக் கற்றுக்கொள்ள ஆசை என்று யாராவது வந்தால் முதலில் ஒரு நாணயத்தை எடுக்கச் சொல்வேன், சீட்டுக்கட்டை அல்ல. நாணயம் எல்லோர் பையிலும் இருப்பது, அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று காரணமும் சொல்வேன். உண்மையான காரணம் வேறு. எங்கள் வீட்டுக்குள் சீட்டு நுழையக்கூடாது. அப்பா மூணு சீட்டில் ஒரு வயலையும் அம்மாவின் ஆறு வளையலையும் விட்டவர்.

ஆகவே எனக்கு வாய்த்தது அந்தப் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம். ஒன்பது கிராம் கனம், விரலில் நழுவாது. இடது உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கட்டைவிரலுக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் நடுவே நாணயத்தைப் படுக்கையாக, ஓரங்களில் பிடித்துக்கொள்ள வேண்டும். வலதுகைக் கட்டைவிரல் அடியிலும் மற்ற விரல்கள் மேலேயும் வந்து நாணயத்தை மறைக்கும் கணத்தில் இடதுகைப் பிடியை விட்டுவிட வேண்டும். நாணயம் இடது கைக்குள்ளேயே விழும். வலது கை எதையோ எடுத்ததுபோல் மூடிக்கொண்டு விலகும். பிரெஞ்ச் டிராப் என்பார்கள். 1876ல் ‘மாடர்ன் மேஜிக்’ எழுதிய ஹாஃப்மன் இதைச் சொல்லித் தருகிறார். லண்டன் வக்கீல், அது அவருக்குப் புனைபெயர்.

விரல் வேலை ஒரு வாரத்தில் வந்துவிடும். கண் வராது. இல்லாத நாணயத்தை வலது கையில் இருப்பதாக நாமே நம்பிப் பார்க்கவேண்டும். இடது கையை ஒளிக்கவும் கூடாது. ஒளித்த கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு ஆறு மாதம் ஆனது.

சீட்டை வெளியூரில், வேலைக்குப் போன பிறகுதான் தொட்டேன். அப்பா போன அடுத்த வருஷம் பொங்கலுக்கு வந்தபோது கட்டு பையில் இருந்தது. அக்கா பிள்ளைகள் நாணய வித்தையைப் பார்த்துவிட்டு, “வேற காட்டு மாமா” என்று பிடித்துக்கொண்டார்கள். அம்மா அடுப்படியில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் எடுத்துவிட்டேன்.

எளிதான வித்தைதான். கலைத்து முடிக்கையில் அடிச்சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வது. பையன் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து மேலே வைப்பான். கட்டை வெட்டி அடிப்பாதியை மேலே போட்டால், நான் பார்த்த சீட்டு அவன் சீட்டின் மேல் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றாக மலர்த்திப் போட்டு, அதற்கு அடுத்ததை எடுத்துக் காட்டினேன். ஆட்டின் ஏழு. பிள்ளைகள் கத்தினார்கள்.

“அடிச்சீட்ட எதுக்குடா பாத்த?”

அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. எத்தனை நேரமாக நின்றாளோ தெரியாது. நான் கட்டைப் பைக்குள் போடப் போனேன்.

“வையி. அந்த மனுசனும் அப்படித்தான் பாப்பாரு. கழுத்து லேசா சாயும்.”

“உனக்கெப்படிம்மா தெரியும்?”

“கல்யாணமான புதுசுல எங்கூடத்தான ஆடுவாரு. நான் ஜெயிக்க ஆரம்பிச்சப்புறந்தான் வெளிய ஆளு தேடுனாரு.”

இதை அக்காவும் கேட்டதில்லையாம். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கட்டை வாங்கினாள். இரண்டாகப் பிரித்துக் கலைத்தாள். நாற்பது வருஷம் தொடாத கை. என்னைவிடச் சத்தமில்லாமல் கலைத்தது. வெட்டச் சொல்லி என் பக்கம் நீட்டினாள். வெட்டினேன். ஆளுக்குப் பதின்மூன்று போட்டாள்.