ஐந்து ரூபாய் டிக்கெட்டில் ஒரு கோடை

கோடை விடுமுறை என்றாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நம்மைப் போன்ற அம்மாக்களுக்கோ திண்டாட்டம்! ஏப்ரல் பிறந்ததுமே, "இந்த லீவுல எங்கேம்மா போறோம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். 2025-ல் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணம் இரண்டு.

முதல் காரணம், அதற்கு முந்தின வருஷம் பட்ட பாடு. 2024 மே மாதம் ஊட்டிக்குப் போனோம். அந்த மாதம்தான் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. பாஸ் வாங்கி, வண்டி பிடித்து, மலை ஏறினால் எங்கே பார்த்தாலும் தலைகள்தான். பூவைப் பார்த்ததைவிட முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு வருஷம் கட்டிய சீட்டுப் பணம் நாலு நாளில் கரைந்தது. திரும்பி வந்ததும் நீச்சல் வகுப்பு, இந்தி வகுப்பு, டிராயிங் வகுப்பு என்று பிள்ளைகளை விரட்டினேன். கடைசியில் சின்னவன் கேட்டான்: "எப்பம்மா ஸ்கூல் திறப்பாங்க?" எனக்குச் சுருக்கென்று இருந்தது.

இரண்டாவது காரணம் பெரியவள். பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அடுத்து வெளியூரில் காலேஜ், ஹாஸ்டல் என்று முடிவாகியிருந்தது. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகும் கோடை இனி எத்தனை வாய்க்கும், சொல்லுங்கள்? காலேஜ் முடிந்தால் வேலை, பிறகு கல்யாணம். அதை நினைத்தால் ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

ஒரு நாள் சாப்பாடு ஆனதும், கிழித்துப் போட்ட காலண்டர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த லீவுல எது நடந்தா உங்களுக்குச் சந்தோஷம்?" என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். டி.வி., போன் எதுவும் கூடாது" என்றார். மாமியார், "இங்கேயிருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற புட்லூர் அம்மனைப் பார்க்க அஞ்சு வருஷமாச் சொல்றேன்" என்றார். பெரியவள், "தினம் ரயில்ல தாண்டிப் போற ஸ்டேஷன்ல எல்லாம் ஒரு தடவையாவது இறங்கிப் பார்க்கணும்மா" என்றாள். சின்னவன் ரொம்ப நேரம் யோசித்தான். சைக்கிள் கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டதோ, "அம்மா எங்ககூட மொட்டை மாடியில வந்து படுக்கணும். பாத்திரம் கழுவிட்டு வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கக் கூடாது."

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது" என்றேன். ஒரே சிரிப்பு! ஆனால் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இந்த ஐந்தையும் சேர்த்து மூன்றாக்கினோம். ஞாயிறு ஒருவேளை கூட்டுச் சாப்பாடு. வாரம் ஒரு தடவை பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரு பயணம். வெயில் வேளையில் ஓய்வு, ராத்திரி மாடி. இதில் வராத எதற்கும் "இந்த வருஷம் இல்லை" என்று சொல்வதாக முடிவு. வகுப்புகள் போயின. தூரத்து உறவில் ஒரு கல்யாணத்துக்கு மொய் மட்டும் அனுப்பினோம். அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆடி மாதம் நேரில் போய்ச் சரிசெய்துகொண்டேன்.

எங்கள் வேப்பம்பட்டு, சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயில் பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் நடுவே இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனதே, அது போன தடம்தான் இது. இதைச் சொன்னதும் சின்னவனுக்கு எங்கள் ஊர் ஸ்டேஷன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது!

முதல் பயணம் திருநின்றவூர். டிக்கெட் ஆளுக்கு 5 ரூபாய்தான். காலை ஆறரை மணிக்கே கிளம்பினோம். பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று பெயர். வைகுண்டத்தை விட்டுத் திருமகள் இங்கே வந்து நின்றாளாம். அதனால்தான் திரு நின்ற ஊர். அவளைத் திரும்ப அழைக்க வந்த சமுத்திரராஜன், பெற்ற மகளையே "என்னைப் பெற்ற தாயே" என்று கெஞ்சினானாம். மாமியார் இதைச் சொல்லி முடித்தபோது என் வீட்டுக்காரர் பெரியவளைப் பார்த்து, "போலாமாம்மா?" என்றார். தினமும் அவளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார். அன்றைக்குத்தான் எனக்கு அது காதில் விழுந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதே ஊரில் இருதயாலீசுவரர் கோயில். பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டியதைப் பெரியபுராணம் சொல்கிறது. காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் கனவில் சிவபெருமான் வந்து, "நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை" என்றாராம். "அப்போ காசு இல்லாமலே கட்டலாமா?" என்றான் சின்னவன். "ஊட்டிக்கும் அப்படியே போயிருக்கலாம்!" என்றார் அவன் அப்பா.

அடுத்த வாரம் புட்லூர். அங்கே அங்காள பரமேஸ்வரி, நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்திருப்பது போல் புற்று வடிவில் இருக்கிறாள். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள்தான் எத்தனை பேர்! மாமியார் ரொம்ப நேரம் கைகூப்பி நின்றார். வெளியே வந்ததும், "உன் வீட்டுக்காரன் வயித்துல இருக்கிறப்போ வந்தது. இத்தனை வருஷம் கழிச்சு நன்றி சொல்ல முடிஞ்சுது" என்றார். இரண்டு ஸ்டேஷன் தூரம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளிப்போட்டது நாங்கள்தான். பக்கத்தில் இருப்பதைத்தான் நாம் கடைசியில் வைக்கிறோம்.

மூன்றாவது வாரம் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள். கிழவராக வந்து சாலிஹோத்திர முனிவரிடம் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "படுக்க உள் எது?" என்று பெருமாள் கேட்டதால் இந்தத் தலத்துக்குத் திருஎவ்வுள் என்று பெயராம். குளத்தில் வெல்லம் கரைத்தோம். இன்னொரு நாள் அங்கிருந்து பஸ் பிடித்துப் பூண்டிக்குப் போனோம். சென்னைக்குக் குடிதண்ணீருக்காகக் கொசஸ்தலை ஆற்றில் கட்டி 1944-ல் திறந்த ஏரி. சத்தியமூர்த்தி பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் கற்கோடரிகளைப் பார்த்தோம். பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழையவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். சின்னவன் அன்றுமுதல் வீட்டைச் சுற்றிக் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி ஜன்னலில் அடுக்கிவிட்டான்!

பயணத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட சட்டம் இதுதான்: காலை ஏழுக்குள் ரயில், பதினோரு மணிக்குள் வீடு. மே 4-ஐ ஒட்டிக் கத்திரி தொடங்கிவிட்டால் பட்டணத்துப் பக்கம் வெயில் பொசுக்கிவிடும். பெரியவர்களும் குழந்தைகளும் உச்சி வேளையில் வெளியே அலையவே கூடாது. ஒரு கப் தயிருக்கு நாலு கப் தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பு, பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு நீர்மோர் எடுத்துப்போனேன். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, அரை மணிக்கு ஒரு தடவை எல்லோரும் குடிக்க வேண்டும். வழியில் நுங்கு கிடைத்தால் விடமாட்டோம்.

நடுப்பகலில் என்ன செய்தோம்? ஒன்றுமில்லை! பல்லாங்குழி, புத்தகம், தூக்கம். முதல் வாரம் "போர் அடிக்குதும்மா" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் அவர்களாகவே ஏதோ நாடகம் போட ஆரம்பித்தார்கள்.

ஊர் பெயரிலேயே வேம்பு இருக்கிறதே! எங்கள் வீட்டு மரத்தடியில் ராத்திரி பழைய வேட்டியை விரித்துவைத்து, காலையில் உதிர்ந்த பூவைச் சேர்த்து, காயவைத்து எடுத்தோம். பெரியவள் முதல் தடவையாக வேப்பம்பூ ரசம் வைத்தாள். கொஞ்சம் கருகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் அதை ஊற்றிச் சாப்பிட்டோம், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ராத்திரி மாடிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தொட்டியில் பாத்திரம் கிடக்கும்; மனசு அங்கேயே நிற்கும். முதல் நாள் சின்னவன் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான். நாலாம் நாள் பெரியவள் இருட்டில் மெதுவாக, "ஹாஸ்டல்ல எனக்குப் பயமா இருக்கும்னு நினைக்கிறேன்மா" என்றாள். பகலில் எத்தனை தடவை கேட்டும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றவள்! விடியும்வரை பேசினோம். பாத்திரம் கழுவப் போயிருந்தால் அந்தப் பேச்சு நடந்தே இருக்காது.

அவள் காலேஜுக்குப் போனபோது பெட்டியில் ஒரு டப்பா வேப்பம்பூ வைத்துக் கொடுத்தேன். இப்போதும் ராத்திரி போன் செய்தால் முதல் கேள்வி, "மாடியிலயா இருக்கீங்க?" என்பதுதான். ஊட்டியைப் பற்றி இன்றுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் நீங்கள் தினம் தாண்டிப் போகிற ஒரு ஸ்டேஷன் இருக்கும், வருஷக்கணக்காக வீட்டுப் பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு கோயில் இருக்கும். அடுத்த லீவுக்கு முன்னால் ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஆளுக்கு ஒன்று கேட்டுப் பாருங்களேன். பாத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது!