மூக்கடைத்த நாலு நாள்

சாயங்காலம் நாலரை மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் அடுப்பைப் பற்ற வைத்தேனானால் ராத்திரி எட்டரை வரை கை ஓயாது. குழிப்பணியாரமும் ஆப்பமும் போடுவேன். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி. அலங்காநல்லூரில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக இதுதான் என் பிழைப்பு. கடைக்குப் பேரும் இல்லை, போர்டும் இல்லை. 'திண்ணைக் கடை' என்றால் எங்கள் தெருவில் தெரியும். வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவம் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ஊருக்குள் கால் வைக்க இடமிருக்காது. ஒரு வாரத்து வியாபாரம் ஒரே நாளில் நடந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஆசையில், முதல் நாள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து மாவாட்டினேன். விடிகாலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றேன். மறுநாளே ஜலதோஷம், காய்ச்சல். "ரெண்டு நாள் படும்மா" என்றாள் என் மகள். கேட்டேனா? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடை வைத்தேன்.

நாலாவது நாள், சாயங்காலம் எழுந்திருக்க முடியாதோ என்று பயந்து, தேங்காய்ச் சட்னியைக் காலையிலேயே அரைத்து மூடி வைத்துவிட்டேன். வழக்கமாக நாலு மணிக்குமேல்தான் அரைப்பேன். மூக்கு அடைத்திருந்ததால் வாசனை தெரியவில்லை, நாக்கிலும் ருசி இல்லை.

ஆறு மணி இருக்கும். அடுத்த தெருப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, வாங்கிப் போன டப்பாவோடு திரும்பி வந்தாள். "அக்கா, சட்னி ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். நானோ காய்ச்சல் எரிச்சலில், "இத்தனை பேர் வாங்கிட்டுப் போறாங்க, யாரும் ஒண்ணும் சொல்லலை. உனக்கு மட்டும்தான் கெட்டுப்போச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் பதில் பேசவில்லை. டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் வெளியே போயிருந்த மகள் வந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "அம்மா, இது நல்லா புளிச்சுப்போச்சு!"

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அதற்குள் முப்பது பேருக்காவது கொடுத்திருப்பேன். அடுப்பை அணைத்தேன். சட்னியைக் கொட்டினேன். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் மகளை ஓடவிட்டு, "சட்னியைத் தொடாதீங்க" என்று சொல்லச் சொன்னேன். முகம் தெரியாமல் வாங்கிப் போனவர்களுக்கு எப்படிச் சொல்வது? அன்று ராத்திரி தூக்கமே இல்லை. நல்ல வேளை, யாருக்கும் எதுவும் ஆனதாகத் தகவல் வரவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்மேலதாம்மா" என்றேன். "சட்னி கெடுறது பெரிசில்லக்கா, எங்க வீட்லயும்தான் கெடும். பிள்ளைக்கு ஊட்டறதுக்கு முன்னாடி நாக்குல வச்சுப் பாத்தேன், அதனால தெரிஞ்சுச்சு. ஆனா நாலு பேர் முன்னாடி அப்படிச் சொல்லிட்டீங்களே" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து சில வழக்கங்களை வைத்துக்கொண்டேன். குறை சொல்லி யார் வந்தாலும் முதல் வார்த்தை, "குடுங்க, பாக்கறேன்" என்பதுதான். ருசி பார்த்துவிட்டு வேறு கொடுப்பேன், இல்லையென்றால் காசைத் திருப்பிக் கொடுப்பேன். அவர் சொல்வது சரியா தப்பா என்று கூட்டத்தின் நடுவே வாதம் செய்வதில்லை. குறை சொல்ல வருகிறவர் நம்மை நம்பித்தான் வருகிறார். நம்பாதவர் சொல்லாமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

திருவிழாக் கூட்டத்தை நம்பி வாடிக்கையை விடக்கூடாது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால், 2015, 2016 இரண்டு வருஷமும் எங்கள் ஊரில் ஜல்லிக்கட்டு நடக்கவில்லை. மறுபடி வாடிவாசல் திறந்தது 2017 பிப்ரவரி 10-ஆம் தேதிதான். அந்த இரண்டு பொங்கலிலும் வெளியூர்க் கூட்டம் ஏது? என் அடுப்பை எரிய வைத்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள்தான்.

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்றால் கடை கிடையாது. சிலேட்டில் 'இன்று விடுமுறை' என்று எழுதி மாட்டிவிடுவேன். நோயோடு சமைத்தால் நமக்கும் கெடுதல், வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் கெடுதல். செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. மாதம் நாலு நாள் வரும்படி போகிறதே என்று முதலில் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் படுத்துவிட்டால் மொத்தமாகப் போகுமே!

கடையை விட்டு எழுந்து போக முடியாதென்று தண்ணீரே குடிக்காமல் இருப்போம், சிறுநீரையும் அடக்குவோம். எனக்கு அதனால் இரண்டு முறை நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வந்தன. இப்போது பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கும். நடுவில் பத்து நிமிஷம் மகளைக் கடையில் நிறுத்திவிட்டு எழுந்து போவேன். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் மாவைத் தொடுவேன்.

நின்றபடியே வேலை செய்தால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், குதிகால் வலிக்கும். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தையே திருத்தினார்கள். முதலாளியும் வேலைக்காரியும் நாமே என்றால் நமக்கு யார் இருக்கை போடுவது? நான் உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். மாவு வேகிற நேரத்திலாவது உட்காரலாமே.

அந்தக் காய்ச்சல் விட்டும் எனக்கு அசதி போகவில்லை. டாக்டரம்மா இரத்தம் பார்க்கச் சொன்னார். பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 9 தான் இருந்தது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்ததாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதோடு சேர்த்துக் காபி, டீ குடிக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. மாத்திரையோடு முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சேர்த்துக்கொண்டேன். சில மாதத்தில் தெம்பு வந்தது. முன்னெல்லாம் சட்டென்று வந்த கோபமும் பாதியாகக் குறைந்ததை நானே கவனித்தேன். 'என் குணமே அப்படி' என்று நினைத்திருந்தேன். இரத்தம் குறைந்தாலும் மனுஷிக்குச் சிடுசிடுப்பு வரும் என்று அப்போதுதான் புரிந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், செலவில்லை.

அந்தப் பெண் இரண்டு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. பங்குனியில் ஒரு நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "சட்னி எப்ப அரைச்சதுக்கா?" என்று கேட்டாள், சிரித்தபடி. "இப்பத்தான் தாயி" என்று ஒரு கரண்டி எடுத்து அவள் உள்ளங்கையில் விட்டேன். ருசி பார்த்துவிட்டு, "ஆறு பணியாரம் வைங்க" என்றாள்.

ஏழாக வைத்துக் கொடுத்தேன்.