பாடாத தட்டு

உங்கள் வீட்டில் பழைய இசைத்தட்டு ஏதும் கிடக்கிறதா? தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்தபோது நாம் எதை எதையோ எறிந்துவிட்டு வந்தோம். அம்மி போனது, ஆட்டுக்கல் போனது. எங்கள் வீட்டில் தப்பி வந்தது ஒரே ஒரு தட்டு. அதன் கதையைக் கேளுங்கள்.

1988-ஆம் ஆண்டுத் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். மாற்றலாகிப் போன கிராணி ஐயா மலிவாகக் கொடுத்துவிட்டுப் போன ரேடியோகிராம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதனால் லயத்தில் எங்களுக்குத் தனி மதிப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அண்டை வீட்டார் எங்கள் வாசலில் பாய் விரித்துவிடுவார்கள்.

பள்ளி திறக்கும் நேரம். எனக்குப் புத்தகப் பையும் சப்பாத்தும் வாங்க, அம்மா இருபது வெள்ளியைக் கொடுத்து அப்பாவைப் பட்டர்வொர்த்துக்கு அனுப்பினார். அப்பா திரும்பி வந்தது ஓர் இசைத்தட்டோடு! இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. ‘இதற்கு என்ன பெயர் வைப்பது?’ என்று பொருள். அம்மா அன்று வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

சரி, ராஜா பாட்டுதானே என்று அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். தட்டு சுற்றியது. வயலின் வந்தது, இன்னும் பல வயலின்கள் வந்தன. பாட்டு மட்டும் வரவில்லை. “என்னாண்ணே, பாடுறவரு இன்னும் ஸ்டூடியோவுக்கு வந்து சேரலியா?” என்று ஒருவர் கேட்க, வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் பழைய பையில் அறுந்த வாரை முடிச்சுப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனபோது சிரிப்பு வரவில்லை. பல வருடங்கள் அந்தத் தட்டின் மீது எனக்கு ஒரு கோபம் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அது என்ன தட்டு என்று ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டேன். 1986-ல் வெளிவந்தது. சினிமாவுக்காகச் செய்ததல்ல. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக ராஜா அமைத்தது. பாக் காலமானது 1750-ல். தியாகராஜர் பிறந்தது 1767-ல். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வழியே இல்லை. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்து, பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற ஒருவர் அந்த இருவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துவிட்டார். ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று பொருள்படும் பகுதி ஒன்று அதில் உண்டு. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்புதான் அதற்கு அடித்தளம். அதன்மேல் நம் கமகத்தோடு இன்னொரு வயலின் இழைகிறது. அடுத்த பகுதியின் பெயர் ‘பிறகு நாங்கள் பேசினோம்’! இந்தத் தட்டில் வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன்.

மேல்நாட்டு ராக் குழுக்களுக்கும் 1970-களில் இதே ஆசை இருந்தது. மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று ‘யெஸ்’ குழு 1972-ல் தட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தது. ‘புரோகிரசிவ் ராக்’ என்பார்கள். ராஜாவின் தட்டு ராக் அல்ல. ஆனால் அதையும் நடுவில் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

உட்கார வைப்பதில் தட்டுக்கும் பங்கு உண்டு. கைப்பேசியில் விரல் பட்டால் அடுத்த பாட்டு. தட்டில் அப்படியில்லை. வெளி ஓரத்திலிருந்து உள்ளே சுருண்டு போகும் ஒரே கோடு; அதன் ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மறு சுவரில் வலப்பக்க ஒலி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால்வாசிக்கு மேல், அதாவது 33⅓ சுற்று. இதை வைத்து ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தேன். மூன்று நிமிடத்துக்குச் சரியாக நூறு சுற்று என்று கண்டுபிடித்ததும் வகுப்பில் ஒரே கைதட்டல்.

பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் போன வருடம் ஒரு பிளேயர் கிடைத்தது. புது ஊசி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரேடியோகிராம் போய் முப்பது வருடமாகியும் தட்டு கோணவில்லை. அப்பா அதை அலமாரியில் நிமிர்த்தியே வைத்திருந்தார். (நீங்களும் அப்படியே வையுங்கள். படுக்கையாக அடுக்கினாலும் வெயில் பட்டாலும் வளைந்துவிடும்.) அம்மா இப்போது இல்லை. அப்பாவுக்கு எண்பது வயது, இடக்காது கேட்காது. வலக்காதை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பி நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

ஒரு பக்கம் முடியும்வரை பேசவில்லை. பிறகுதான் கேட்டேன். “ஏம்பா அன்னிக்கு இதை வாங்குனீங்க?”

“கடைக்காரன் போட்டுக் காட்டுனான். வார்த்தையே இல்ல. காலையில பெரட்டுல ஆரம்பிச்சா பொழுது சாயுற வரைக்கும் யாராவது நம்மள ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இதுல யாரும் ஒண்ணும் சொல்லல. அதான்.”

கொஞ்ச நேரம் கழித்து, “உங்க அம்மாகூட ஒருநாள் ராத்திரி நீங்கல்லாம் தூங்குன பின்னாடி, மெதுவா போடச் சொல்லிக் கேட்டா” என்றார். எனக்கு இது புதிய செய்தி.

புத்தகப் பை விஷயம் அவருக்கு ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை. நானும் எடுக்கவில்லை. தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார்; போட்டேன்.