குவியமும் கூத்தும்

மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு தமிழ் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் விடுவதில்லை. புதிதாக எந்தக் கருவி கைக்கு வந்தாலும், அதன் உறுப்புகளுக்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடத் தொடங்கிவிடுவோம். ‘ஃபோக்கஸ்’ என்பது இலத்தீனில் அடுப்பைக் குறித்த சொல். அதை 1604இல் ஒளியியலுக்குக் கொண்டுவந்தவர் கெப்ளர். நம் பாடநூல்கள் அதனைக் ‘குவியம்’ என்றன. ஆம்பல் குவியும், கை குவியும், மனமும் குவியும் என்பதால் அடுப்பை விடவும் பொருத்தமான சொல்லே வாய்த்திருக்கிறது. ஆனால் குவிப்பவர் யார் என்பதைச் சொல் சொல்வதில்லை. காணொளி எடுப்போர் ‘மேனுவலா, ஆட்டோவா’ என்று கேட்பது இதைத்தான்.

எங்களுக்கு இக்கேள்வி ஒரு தெருக்கூத்துக் களத்தில் எழுந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் விழாவையொட்டி இரவு முழுதும் பாரதக் கூத்து நிகழ்வதை வாசகர்கள் அறிவர். முதிய கூத்து வாத்தியார் ஒருவர், தம் ஆட்டத்தைப் பதிவுசெய்து தருமாறு எங்களிடம் கேட்டார். அது ஆவணக் காப்பகத்துக்காகவோ விருதுக்காகவோ அன்று. தமக்கு இனி அதிகக் காலம் ஆட இயலாது என்பதால், பேரப்பிள்ளைகள் பார்த்துப் படிக்கவேண்டும் என்பதற்காக.

அவரிடம் ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது. வெளியூரிலிருந்து வந்த யாரோ எடுத்துத் தந்தது. கூத்தில் முக்கிய வேடங்களின் வருகை ஒரு தனிச் சடங்கு. இருவர் துணித்திரை பிடித்து நிற்பர். வேடக்காரர் திரைக்குப் பின் நின்று பாடி, ஆடி, தம் வரவை அறிவிப்பார். பிறகே திரை விலகும். அந்தப் பதிவில் திரையின் நூலிழை வரை தெளிவாகத் தெரிந்தது. திரை விலகியதும் எல்லாம் மங்கி, முன்னும் பின்னும் அலைந்து, மூன்று நொடி கழித்தே வாத்தியார் தெளிந்தார். “அந்த மூணு நொடியிலதான் சார் தொழிலே இருக்குது. வேசம் உள்ள பூந்ததும் முதல் அடவு அதுலதான் வருது,” என்றார்.

கருவியையும் குறை சொல்வதற்கில்லை. நிழற்படக் கருவியில் காணொளி எடுக்கும் வசதி 2008இல் நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 ஆகியவற்றோடு பரவத் தொடங்கியபோது, ஓடும் படத்தில் தானியங்கிக் குவியம் பெரும்பாலும் பயன்படவில்லை. நிக்கானில் பதிவின்போது அது இயங்கவே இல்லை. பின்னர் வந்த பல கருவிகளும் ஒளி வேறுபாட்டை அளந்து, எங்கே அது மிகுதியோ அங்கே நின்றன. மிகுதி எது என்றறிய அதைத் தாண்டிச் சென்று திரும்பவேண்டும். அலைச்சலுக்குக் காரணம் அதுவே. கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கொளியில் மின்னும்போது அலைச்சல் இரட்டிப்பாகும். 2013இல் கேனான் 70டி, படவுணரியிலேயே கட்ட வேறுபாட்டை அறியும் முறையைக் கொண்டுவந்தபின் நிலைமை மாறியது. இன்றைய கருவிகள் கண்ணையே அடையாளம் கண்டு தொடர்கின்றன. எனவே புதிய கருவி இருந்தால் வாத்தியாரின் சிக்கல் தீர்ந்துவிடும் என்றே எண்ணினோம்.

வாத்தியார் வேறொன்று கேட்டார். “மூஞ்சி தெரிஞ்சா போதுமா? மத்தளக்காரன் கையப் பாக்காம அடவு வராது சார். ரெண்டும் ஒண்ணாத் தெரியணும்.”

இதை எந்தத் தானியங்கியும் செய்யாது. முன்னால் ஆடுபவரின் முகத்தை அது பற்றிக்கொண்டால், பின்னால் பலகையில் அமர்ந்திருக்கும் மத்தளக்காரர் மங்கிவிடுவார். எங்களிடம் இருந்தது ஏபிஎஸ்-சி அளவுள்ள உணரி. அதில் 50 மி.மீ. வில்லையை எஃப்/1.8 துளையில் வைத்து 5 மீட்டரில் குவித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 70 செ.மீ. மட்டுமே. அதே தொலைவில் 24 மி.மீ. வில்லையை எஃப்/4இல் வைத்தால், சுமார் 3 மீட்டர் முதல் 16 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். ஆட்டம் தொடங்குமுன் திரைக்குப் பின் வாத்தியாரை நிறுத்தி, அங்கே குவித்து, வளையத்தை அசையாமல் ஒட்டினோம். மின்விளக்கின் துடிப்பு தெரியாதிருக்க நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று திறப்பு நேரத்தை வைத்தோம். ஒளி போதாமல் படத்தில் புள்ளிகள் ஏறின. வாத்தியார் அதைப் பொருட்படுத்தவில்லை.

கைமுறையே உயர்ந்தது என்று முடிவுகட்ட இயலாது. தபசு மரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் ஏறும்போதும், காலையில் படுகளத்தில் கூட்டம் நெருக்கும்போதும், தனியொருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அங்கே தானியங்கிக்கே விட்டோம்; அது எங்களைவிட விரைவாக வேலை செய்தது. திரைப்படத் தளத்தில் நாடாவால் தொலைவளந்து தரையில் குறியிட்டு வளையத்தைத் திருப்பும் உதவியாளரும் விரைவால் மட்டும் வெல்வதில்லை. அடுத்து யார் பேசுவார், யார் திரும்புவார் என்பதை அவர் முன்பே அறிந்திருக்கிறார். கதை தெரிந்த இடத்தில் கை, தெரியாத இடத்தில் கருவி என்பதே நாங்கள் கண்ட வரையறை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே சென்றால் மாமல்லபுரத்தில் வேறொரு தபசைக் காணலாம். ஏழாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட, முப்பது மீட்டரை நெருங்கும் அகலமுள்ள அந்தப் பாறையில் ஒற்றைக்கால் தவசியும், யானைக் கூட்டமும், தவம் செய்யும் பூனையும் ஒரே தெளிவோடு நிற்கின்றன. எதைப் பார்ப்பது என்பதைச் சிற்பி நம்மிடம் விட்டிருக்கிறார். அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிட முடிவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். மாணவருக்கான பதிவும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எதைப் பார்க்கவேண்டும் என்பதை வாத்தியார் பக்கத்தில் அமர்ந்து விரலால் சுட்டுவார். இப்போது சுட்டிக்கொண்டிருக்கிறார். பெரிய பேரன் அலைபேசியில் படத்தை நிறுத்தி நிறுத்தி மத்தளக்காரரின் கையைப் பார்க்கிறான்.