பொட்டிக்குப் பொட்டி மாறும் 'த'

சொந்த ஊர் மரக்காணம்னு சொன்னா "உப்பளமா?"ன்னுதான் கேப்பாங்க. நமக்குத் தொழில் பொட்டி தட்டுறது. லீவுல ஊருக்கு வந்தா ராத்திரியில் திறமூல நிரல்களை நோண்டுவேன்.

இந்த முறை சிக்கினது, தமிழில் எழுத்தெண்ணும் ஒரு குட்டி சி நிரல். ராஸ்பெர்ரி பையில் ஜம்முனு ஓடுது. இன்டெல் மடிக்கணினியில் ஜிசிசி எர்ரர் இல்லாம கம்பைல் பண்ணுது, ஆனா ஓட்டினா தமிழ் எழுத்தே இல்லைங்குது!

காரணம் சின்னது. யூடிஎஃப்-8-ல் 'த' என்பது 3 பைட்: 224, 174, 164. சி மொழியின் 'சார்' (வாத்தியார் சார் இல்லீங்க!) எதிர்ம எண்ணை ஏற்குமா என்பதைத் தரநிர்ணயம் கம்பைலரிடமே விட்டிருக்கு. பையின் லினக்ஸில் அது 0 முதல் 255. இன்டெல்லில் -128 முதல் 127. அங்கே 224 வந்தா -32 ஆயிடும். "224-ஆ?"ன்னு கேட்டா "இல்லை"தான் பதில். ஆங்கில எழுத்து எல்லாம் 127-க்குள் அடங்கிடும். அதை வச்சே சோதிச்சா இது கண்ணுலயே படாது.

ஜிசிசிக்கு ஒண்ணு, விஷுவல் சி-க்கு வேறொண்ணுன்னு ஆப்ஷன் இருக்கு. ஆனா நாளைக்கு யாராவது மறப்பாங்க. அதனால நிரலிலேயே 'அன்சைன்ட் சார்'னு மாத்திட்டேன். இப்போ விண்டோஸ், லினக்ஸ் எதுலயும் 'தமிழ்' = 15 பைட், 3 எழுத்து. பைத்தானின் ஓப்பன்-தமிழ் நூலகமும் அதே 3-தான் சொல்லுது.

2011-ல் தொடங்கி அரசு கொடுத்த மடிக்கணினி எங்க ஊர்ப் பிள்ளைங்க வீட்டிலும் இருக்கு. "என் பொட்டியில ஓடுதே"ன்னு விட்டா, அந்தப் பிள்ளை கோளாறு தமிழில்தான்னு நினைச்சுக்கும். அது மட்டும் கூடாதுங்க.