அந்தப் பக்கம் யார்?

தோட்டத்து மளிகைக் கடையில் கேள்வி கேட்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பால்மரம் சீவிவிட்டு வரும் பெண்கள், “இது போன மாசத்து அரிசிதானா?” என்று கேட்பார்கள். கடைக்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் காட்டுவார். வாங்கிய சாமான்களை 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் கணக்குத் தீரும்.

அப்படிப்பட்ட கடையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த பாட்டி ஒருவர், இப்போது சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் பேத்தியின் வீட்டில் இருக்கிறார். பேத்தி இணையக் கடையொன்றில் ரைஸ் குக்கர் வாங்கினாள். பெட்டியைப் பிரித்தால், மூடியைக் காணோம்!

“கடைக்குப் போய்க் கேப்போம், கண்ணு.”

“கடை பினாங்குல இருக்கு பாட்டி. இங்கேயே கேக்கலாம்.”

பேத்தி திறன்பேசியில் அந்தக் கடையின் அகப்பக்கத்தைத் திறந்தாள். திரையின் கீழ் மூலையில் சிறு பெட்டி ஒன்று எழும்பி, “நாங்கள் உதவலாமா?” என்று மலாயில் கேட்டது.

இதுதான் நேரலை உரையாடல். மின்னஞ்சல் அனுப்பினால் பதிலுக்கு மறுநாள்வரை காத்திருக்க நேரலாம். இதிலோ பக்கம் திறந்திருக்கும்வரை இணைப்பும் திறந்தே இருக்கிறது. எழுதியது உடனே போகிறது, பதிலும் உடனே வருகிறது. தொலைபேசியில் ஒரு பணியாளர் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேச முடியும். இங்கே இரண்டு, மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் பதில் எழுதலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த விடைகளும் உண்டு. புகார் கேட்பதற்கு மட்டுமா இந்தப் பெட்டி? எந்த அளவுச் சட்டை எடுப்பது என்று தயங்குபவருக்கு அந்த நொடியே விடை கிடைத்தால் அவர் வாங்கிவிடுவார். கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பேத்தி மூடியைப் பற்றி எழுதினாள். “உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. வேறு உதவி வேண்டுமா?” என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள், அதே பதில். மூன்றாம் முறையும் அதுவே.

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். “அந்தப் பக்கம் ஆளு இருக்காங்களா, மிசினா?”

பாட்டியின் கேள்வி பழைய கேள்விதான். 1966இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், எலைசா என்னும் உரையாடல் நிரலைப் பற்றி எழுதி வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய விதிகள்தாம் அதில் இருந்தன. அப்படியிருந்தும் மக்கள் அதனிடம் மனம்விட்டுப் பேசினர். அது உருவானதை அருகிலிருந்தே பார்த்த அவருடைய செயலாளர்கூட, அதனோடு பேசும்போது அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். அதைச் செய்தவருக்கே அது கலக்கத்தை உண்டாக்கியது.

பொட்டலம் எந்த ஊரை அடைந்திருக்கிறது என்பதை நள்ளிரவிலும் சொல்ல இயந்திரம் போதும். காணாமற்போன மூடிக்கு மனிதர் வேண்டும். அவரிடம் போகும் வழியை மறைத்துவைக்கும் கடை, கல்லாவில் பொம்மையை உட்காரவைத்த கடைதான்.

“மனிதரோடு பேச வேண்டும்,” என்று பேத்தி எழுதினாள். சில நிமிடங்களில் ஒரு பெயர் தோன்றியது. அதன் கீழே மூன்று புள்ளிகள் துள்ளின; அந்தப் பக்கத்தில் யாரோ தட்டச்சு செய்கிறார். பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். முகவரியைச் சரிபார்த்தார். வங்கி அட்டை எண்ணையோ டேக் எண்ணையோ கேட்கவில்லை. மூடி அனுப்ப அவை எதற்கு? கேட்கிறவர் கடைக்காரராக இருக்கமாட்டார். ஏமாந்து கொடுத்துவிட்டால் உடனே வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் மூடி வந்துவிடும் என்று பதில் வந்தது. பேத்தி உரையாடல் முழுவதையும் சேமித்துவைத்தாள்.

“நம்ம 555 மாதிரி,” என்றார் பாட்டி. பிறகு, “மணி ரெண்டாச்சே, அந்தத் தம்பி சாப்பிட்டாச்சான்னு கேளு,” என்றார்.

பேத்தி சிரித்துக்கொண்டே எழுதினாள். மூன்று புள்ளிகள் வெகுநேரம் துள்ளிக்கொண்டிருந்தன.